இரண்டு 3090 அடுத்தடுத்து: மேல் கார்டு மட்டும் கொதிக்கிறது

குரல்நெசவு:
வணக்கம். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடல் ஒன்றைப் பயிற்றுவிக்க மெஷின் கட்டியிருக்கிறேன். இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டுமே மூன்று ஃபேன் வைத்த தடித்த கார்டுகள். சாதாரண ஏடிஎக்ஸ் மதர்போர்டு, கார்டுகளுக்கான பிசிஐஇ தரவுப் பாதை எட்டு லேன் எட்டு லேனாகப் பிரிந்து ஓடுகிறது. பவர் சப்ளை 1000 வாட். லினக்ஸ். கேஸில் முன்பக்கம் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று.

ஒரு கார்டை மட்டும் ஓட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கீழ் கார்டு 70 டிகிரியில் நின்றுவிடுகிறது. மேல் கார்டு 83-க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது, க்ளாக் (சிப் ஓடும் வேகம்) 1700-லிருந்து 1300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சரிகிறது. ஒவ்வொரு ஸ்டெப் முடிவிலும் இரண்டு கார்டும் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், மேல் கார்டுக்காகக் கீழ் கார்டும் காத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைவதே சிரமம்.

வாட்டர் கூலிங் போடலாமா, பெரிய கேஸ் வாங்கலாமா? வேலை தொடங்கும்போது சில சமயம் மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது, அதுவும் சூட்டினால்தானா?

நீலத்திரை:
83 டிகிரி ஒன்றும் ஆபத்தில்லை நண்பரே. அந்தச் சிப் 90-ஐத் தாண்டியும் தாங்கும். கவலைப்படாமல் ஓட்டுங்கள்.

காற்றுவழி:
சிப் தாங்கும், உண்மைதான். ஆனால் 83 என்பது அந்தக் கார்டு தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு. அதைத் தொட்டதும் க்ளாக்கைக் குறைத்து அங்கேயே நிற்கப் பார்க்கும். அதனால் டிகிரியை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். க்ளாக்கைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. குரல்நெசவு சரியாகவே கவனித்திருக்கிறார்.

இதைவிட எனக்குக் கவலை மெமரி. 3090-இல் 24 மெமரி சிப்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபி. பன்னிரண்டு முன்பக்கம், பன்னிரண்டு பின்பக்கம். பின்பக்கத்துச் சிப்களுக்குப் பின்தகடும் நடுவே சூட்டைக் கடத்தும் ஒரு தெர்மல் பேடும்தான் கதி. இந்த ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 110 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைக்கும். லினக்ஸில் கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை இந்தக் கார்டுக்கு மெமரி சூட்டைக் காட்டாது. ஒருமுறை விண்டோஸில் பூட் செய்து ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'மெமரி ஜங்ஷன்' வரியைப் பாருங்கள். இந்தக் கார்டில் சூடு என்று யார் கேட்டாலும் நான் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இனி காரணத்துக்கு வருவோம். உங்கள் கார்டுகளின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருக்கின்றன, பின்தகடு மேல்நோக்கி. மேல் கார்டு மூச்சிழுக்கும் இடத்துக்கு நேர் கீழே கீழ் கார்டின் கொதிக்கும் தகடு. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 20.32 மில்லிமீட்டர். உங்கள் கார்டுகள் மூன்று ஸ்லாட் தள்ளி இருக்கும், அதாவது ஏறக்குறைய 61 மில்லிமீட்டர். அதில் கார்டின் தடிமன் போக மிச்சம்தான் நீங்கள் சொல்லும் பென்சில் இடைவெளி. அதற்குள் மூன்று ஃபேனுக்கு வேண்டிய காற்று எங்கிருந்து வரும்? கிடைக்கிற கொஞ்சமும் கீழ் கார்டு ஏற்கெனவே சூடாக்கித் துப்பியது.

ஆகவே முதலில் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டுங்கள். சூடு நன்றாக இறங்கினால் கேஸில் காற்று வரத்துதான் குறை. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கினால் இடைவெளிதான் குறை, பெரிய கேஸ் வாங்கியும் பயனில்லை.

அடுத்து பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கான வரம்பு. இதற்குக் காசும் வேண்டாம், ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். 350 வாட்டை 280-க்கு இறக்குங்கள். என் பயிற்சி வேலைகளில் வேகம் குறைந்தது பத்து சதவீதத்துக்குள்தான். உங்களுக்கு இப்போது சூட்டினால் போகும் வேகம் அதைவிட மிக அதிகம், ஆக மொத்தத்தில் லாபம்தான். ரீபூட் ஆனால் இந்த அளவு பழையபடி 350-க்குப் போய்விடும், லினக்ஸ் தொடங்கும்போதே தானாக ஓடும்படி சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாக எழுதி வையுங்கள்.

வாட்டர் கூலிங்கை நான் கடைசியில்தான் வைப்பேன். சாதாரண வாட்டர் பிளாக் முன்பக்கத்தை மட்டும்தான் குளிர்விக்கும், பின்பக்க மெமரி அப்படியேதான் கிடக்கும். அதற்கும் நீரோட்டம் வேண்டுமென்றால் பின்தகடு பிளாக் தனியாக வாங்க வேண்டும். 700 வாட்டை ஒரே 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரில் சத்தமில்லாமல் தள்ளிவிடவும் முடியாது.

குரல்நெசவு:
மிக்க நன்றி அண்ணா. கதவைக் கழற்றிப் பார்த்தேன், மூன்று டிகிரிதான் இறங்கியது. அப்படியென்றால் இடைவெளிதான். விண்டோஸில் மெமரி 108 காட்டுகிறது, நடுங்கிவிட்டேன். இரண்டையும் 280-க்கு இறக்கியதும் மேல் கார்டு 78-க்கு வந்தது, க்ளாக்கும் சரியாமல் நிற்கிறது. மெமரி இப்போது 100. இதைவிட இறக்க வழி உண்டா?

மின்தடம்:
ரீஸ்டார்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது சூடு இல்லை தம்பி. சூடு என்றால் வேலை ஓடி நேரமான பிறகு வரும், தொடங்கும்போதே வராது. 3090 மில்லிசெகண்ட் கணக்கில் தன் வரம்பைத் தாண்டிக் கரண்ட் இழுக்கும். இரண்டும் ஒரே நொடியில் இழுத்தால் 1000 வாட் பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட் கட் செய்துவிடும்.

கார்டின் ஒவ்வொரு 8 பின் சாக்கெட்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு தலை இருக்கிறதே, அந்த இரண்டையும் ஒரே கார்டில் செருகாதீர்கள். இன்னொன்று, பவர் லிமிட் சராசரியைத்தான் கட்டுப்படுத்தும், அந்தக் கண நேர எகிறலை முழுதாக அடக்காது. என்விடியா-எஸ்எம்ஐயிலேயே க்ளாக்கின் உச்சத்தைப் பூட்டலாம். 1500 அல்லது 1600-இல் பூட்டிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பெரிய பவர் சப்ளைதான் வழி.

காற்றுவழி:
மின்தடம் சொன்னது முழுக்கச் சரி, க்ளாக்கைப் பூட்டினால் சூடும் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மெமரிச் சூட்டுக்கு: மேல் கார்டின் பின்தகட்டைப் பார்த்து ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை நேராகக் காற்று அடிக்கும்படி வையுங்கள். அந்தத் தகட்டில் காற்றே படுவதில்லை, படவைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். தெர்மல் பேடு மாற்றுவது அதற்கடுத்த வேலை. பழைய பேடின் தடிமனை அளக்காமல் புதியதை வாங்காதீர்கள். அரை மில்லிமீட்டர் கூடினால்கூட ஹீட்சிங்க் நடுச்சிப்பில் சரியாக உட்காராது, மெமரி குளிர்ந்து சிப் கொதிக்கும்.

நிரந்தரத் தீர்வு என்றால் கீழ் கார்டை ரைசர் கேபிளில் (ஸ்லாட்டை நீட்டித் தரும் கேபிள்) எடுத்து, கேஸுக்குள் தள்ளி நிறுத்துங்கள். கேபிள் பிசிஐஇ நான்காம் தலைமுறைக்கு (ஜென் 4) ஆனதாக இருக்கட்டும். மாட்டியதும் லினக்ஸ் கெர்னல் பதிவைக் காட்டும் dmesg கட்டளையில் ஏஇஆர் (பிசிஐஇ இணைப்புப் பிழை) வரிகள் வருகிறதா பாருங்கள். வந்தால் பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3-க்கு இறக்குங்கள், உங்கள் மாதிரி வேலையில் பெரிதாகத் தெரியாது. ரைசரில் தொங்கும் கார்டின் எடையைக் கேபிள் தாங்கக் கூடாது, ஒரு பிராக்கெட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள்.