கோவை - சிங்கப்பூர்: அம்மா எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்?

திருப்பூர்க்காரன்: அம்மா முதல்முறையாக விமானம் ஏறுகிறார், பேத்தியைப் பார்க்க. கோவை பீளமேடு விமான நிலையத்தில் இரவு 1 மணிக்குக் கிளம்பி காலை 7.45-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், முழங்கால் வலியோடு தாங்குவாருங்களா?

பதில் 1: பயப்படாதீங்க அண்ணா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதைக் கழித்தால் பறப்பது நாலேகால் மணி நேரம்தான். நேர்கோட்டில் ஏறக்குறைய 3,160 கி.மீ.

பதில் 2: நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள், இடையில் எழுந்து நாலடி நடக்கலாம். சக்கர நாற்காலியும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அப்புறம், எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கைப்பையில் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலைச் சோதனையில் எடுத்துவிட்டார்கள், பாவம், முகமே வாடிவிட்டது. அதையெல்லாம் பெரிய பெட்டியில் போடுங்கள்.

திருப்பூர்க்காரன்: நாலேகால்தானா! இப்பவே அம்மாகிட்டச் சொல்றேனுங்க.