தகுதியில்லாமல் பெற்ற இரட்சிப்புக்கு எப்படி நன்றி செலுத்துவது?

கேள்வி:
கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். மகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூடக் குடித்தே அழித்த என்னை ஆண்டவர் இரட்சித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் கைம்மாறாக ஆலயத்தைப் பெருக்குகிறேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் கொடுக்கிறேன், வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். ஆயினும் திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரத்தை வாங்கும்போதெல்லாம், பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்ற எண்ணத்தில் கை நடுங்குகிறது. என் நன்றி போதவில்லையா?

பதில்:
சகோதரரே, எபேசியர் 2:8 இரட்சிப்பை தேவனுடைய ஈவு என்கிறது. ஈவுக்கு யாரும் தவணை கட்டுவதில்லை. லூக்கா 7-இல் 500 வெள்ளிக்காசு கடன்பட்டவனுக்கும் 50 கடன்பட்டவனுக்கும் கடன் மன்னிக்கப்பட்ட பிறகு, இருவரில் எவன் அதிகமாய் அன்புகூருவான் என்று மட்டுமே இயேசு கேட்டார்.

பதில்:
எனக்கு மேவிபோசேத்தின் நினைவு வருகிறது. ஐந்து வயதில், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் முடமானவன். தாவீது ராஜாவைக் கொல்லத் தேடிய முந்தைய ராஜாவான சவுலின் பேரன் என்பதால் தாவீதின் கையில் சாவையே எதிர்பார்த்திருக்க வேண்டியவன். அவனைத்தான், அவன் தகப்பனும் தன் நண்பனுமான யோனத்தானின் நிமித்தம் லோதேபார் என்ற ஊரிலிருந்து வரவழைத்துத் தாவீது தன் பந்தியில் உட்கார வைத்தான். 2 சாமுவேல் 9 முடியும் விதத்தைக் கவனியுங்கள்: அவன் நித்தமும் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான் என்று சொல்லும் அதே வசனம், அவனுக்கு இரண்டு காலும் முடம் என்றும் சொல்லி முடிகிறது. கால் குணமாகாமலேயே அவன் பந்தியில் இருந்தான். அவனுடைய நன்றி 19-ஆம் அதிகாரத்தில்தான் வெளிப்படுகிறது. மகன் அப்சலோமின் கலகத்தால் தாவீது ஊரைவிட்டுப் போன நாள்முதல் தாடியைத் திருத்தாமலும் வஸ்திரங்களை வெளுக்காமலும் இருந்தவன், சவுலின் நிலத்தை அந்த வீட்டு வேலைக்காரன் சீபாவோடு பங்கிட்டுக்கொள் என்று தாவீது சொன்னபோது, ராஜா சமாதானத்தோடே வீடு திரும்பியதே போதும், எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்றுவிட்டான். உங்கள் கை நடுங்கட்டும், ஐயா. பாத்திரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட வரிவசூலிப்பவனான சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னது, தான் அநியாயமாய் வாங்கிய மனிதர்களுக்கு. உங்கள் மகளிடம் பேசினீர்களா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. தேவனுக்குக் கொடுக்க முயன்றுகொண்டே இருந்தேனே தவிர, அந்தக் கட்டணத்தைப் பற்றி அவளிடம் இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்று இரவு பேசுகிறேன்; ஜெபித்துக்கொள்ளுங்கள்.