கத்தரிப் பூவில் கருவண்டு: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அவரைப் பந்தல் மூங்கிலில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, கீழே மரத்தூள். கருவண்டு வேலை, வண்டு என்று சொன்னாலும் அது மரம் குடைகிற பெரிய கறுப்புத் தேனீதான். போன வருஷம் வரைக்கும் அப்பா அதில் மண்ணெண்ணெய் ஊற்றி அடைப்பார், டார்ச் பிடித்தது நான்தான்.

இந்தத் தை மாசம் ஒருநாள் காலையில் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது 'ஙொய்ங்... ஙொய்ங்' என்று விட்டு விட்டு ஒரு சத்தம். அதே கருவண்டு, பூ நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்பைக் காலால் கட்டிப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குகிறது, இறக்கை அடிக்கவில்லை, உடம்பு மட்டும் கிடுகிடு என்று அதிர்கிறது, நெஞ்சு முழுக்க மாவு கொட்டின மாதிரி மகரந்தம். அப்புறம்தான் தேடிப் படித்தேன். கத்தரியின் மகரந்தப் பை வெடித்துத் திறக்காது, நுனியில் சின்னத் துளைதான், குலுக்கினால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. காற்றிலும் கொஞ்சம் காய் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கத்தரிப் பூவில் தேன் கிடையாது, அதனால் தேனுக்குக் கருவண்டு வேலியோர எருக்குக்குப் போகிறது. எருக்கை இந்தத் தடவை வெட்டவில்லை. பந்தலுக்குப் புது மூங்கில் போட்டு, பழசை அப்படியே வேலியில் கட்டிவிட்டேன்.

---

எங்கள் வீட்டில் ரோஜா இலை. ஓரத்தில் கத்தரிக்கோல் வைத்த மாதிரி அரைவட்ட வெட்டு. புழு என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்து அடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு தேனீ, இலைத் துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கட்டையில் இருந்த பழைய ஆணி ஓட்டைக்குள் போகிறது! இலையால் அறை கட்டி, மகரந்தம் சேர்த்து வைத்து, ஒரு முட்டை இட்டு மூடிவிட்டு அடுத்த அறை. ராணி, கூட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் ஒருத்தியே. ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்க வந்தவரை நான் திருப்பி அனுப்பியதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. ரோஜாச் செடி நன்றாகத்தான் இருக்கிறது.

---

நீலப்பட்டைத் தேனீயை யாராவது தூங்கும்போது பார்த்திருக்கிறீர்களா? பொழுது சாயும்போது ஆண் தேனீக்கள் வந்து காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொள்ளும், காலைத் தொங்கவிட்டு அப்படியே விடியும்வரை. எங்கள் துளசிச் செடியில் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பக்கத்துக் காலிமனையின் மண்சுவரை இடித்த பிறகு மூன்று. பெண் தேனீக்கள் அந்தச் சுவரில்தான் வளை தோண்டியிருந்தன. செம்மண் குழைத்து ஒரு குட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறேன், இன்னும் எதுவும் வரவில்லை.

முதலில் எழுதிய அண்ணா, அந்த மூங்கில் எவ்வளவு பருமன், வெயில் படும் இடமா நிழலா? கொஞ்சம் சொல்லுங்கள்.