பழைய லேத் டேப்பராக வெட்டுகிறது: பெட் தேய்ந்துவிட்டதா?

கேள்வி:
இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய லேத் (கடைசல் மெஷின்) ஒன்று வாங்கினேன். வாங்கும்போது ஸ்பிண்டிலில் (கம்பியைச் சுழற்றும் தண்டு) நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து, கம்பியைப் பிடிக்கும் சக்கை மரக்கட்டையால் நெம்பிப் பார்த்தேன். ஆட்டம் 0.02 மி.மீ.க்குள்தான். கியர்கள் எல்லாம் இருந்தன, ஒரு பல்லும் உடையவில்லை. நம்பி எடுத்து வந்தேன்.

இப்போது 30 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து 120 மி.மீ. நீளம் கடைந்தால், சக்குப் பக்கத்தைவிட வெளிமுனை விட்டம் 0.09 மி.மீ. பெரிதாக, அதாவது டேப்பராக இருக்கிறது. தேய்ந்த மெஷினை என் தலையில் கட்டிவிட்டார்களா?

இன்னொன்று. விற்றவரிடம் சின்ன ஷேப்பர் (டூல் முன்னும் பின்னும் ஓடிச் சீவும் மெஷின்) ஒன்றும் இருக்கிறது. என் அறையில் லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர், கம்பி ரேக் எல்லாம் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன. ஷேப்பரையும் எடுக்கலாமா?

பதில்:
தம்பி, விற்றவரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பெட் (லேத்தின் நீளமான அடித்தடம்) அதிகம் தேய்வது சக்குக்குப் பக்கத்தில்தான், ஏனென்றால் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கும். அங்கே சேடில் (டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் பகுதி) முன்பக்கம் சாய்ந்து டூல் விலகும், அதனால் பெரும்பாலும் சக்குப் பக்கம்தான் பெரிதாக வரும். உங்களுக்கு நேர்மாறாக வருகிறது. டெயில்ஸ்டாக்கை (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்பதால் அதன் மேலும் பழி இல்லை.

முதலில் கம்பி வளைகிறதா என்று பாருங்கள். கடைசி வெட்டுக்குப் பிறகு, டூலை உள்ளே தள்ளாமல் அதே அளவில் இன்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள். வித்தியாசம் குறைந்தால் வளைவு. குறையாவிட்டால் பெரும்பாலும் பெட் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சரி, லேத்தை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்:
நான்கு முறை ஓட்டியும் 0.08 அப்படியே நிற்கிறது அண்ணா. இடம் போதாமல் லேத்தைச் சுவர் மூலைக்குத் தள்ளினேன். அங்கே தரை சரிவு. டெயில்ஸ்டாக் பக்கம் முன்காலுக்கு அடியில் மரத்துண்டு வைத்திருக்கிறேன். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், அதே பக்கம், கம்பித் துண்டுகளை அடுக்கியிருக்கிறேன்.

பதில்:
அதுதான் காரணம். மரம் பாரத்தில் அமுங்கும், ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். முன்கால் தாழ்ந்தால் பெட் உங்கள் பக்கம் முறுகி, டூல் ஜாபை (கடையும் கம்பியை) விட்டு விலகும். விட்டத்தில் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

கம்பிகளை இறக்கிவிடுங்கள். மரத்தை எடுத்துவிட்டு இரும்புத் தகடு வையுங்கள். அப்புறம் மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் குமிழி லெவல் கிடைத்தால் பெட்டுக்குக் குறுக்காக, சக்குப் பக்கம் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு தடவை வையுங்கள். லேத் முழுக்க ஒரே பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்த முன்காலுக்கு அடியில் மெல்லிய ஷிம் (உயரம் சரிசெய்யும் தகடு) சேர்த்துச் சேர்த்துச் சோதனைக் கம்பியைக் கடைந்து பாருங்கள். அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் வளையம்போல் தடிப்பு விட்டு, நடுவில் விட்டத்தைக் குறைத்துக்கொண்டால் வளையங்களை மட்டும் லேசாகச் சீவி அளக்கலாம்.

இன்னொருவர் பதில்:
ஷேப்பர் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த மெஷினை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றை முனை டூல் போதும், நாமே சாணை பிடித்துக்கொள்ளலாம், சாவிக்காடி அழகாக வெட்டும். ஆனால் அடித்தளத்தை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். ராம் (டூலைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னாலும் வெளியே வரும், சூடான சீவல் முன்னால் தெறிக்கும். முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. ராமுக்கும் சுவருக்கும் இடையில் ஒருவர் மாட்டிக்கொள்ளும் இடைவெளியில் அதை வைக்கவே வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறைக்கு, லேத்தின் கிராஸ் ஸ்லைடில் (சேடில் மேல் குறுக்காக நகரும் பகுதி) மாட்டும் மில்லிங் ஸ்லைடு (ஜாபைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தும் துணைக்கருவி) ஒன்று பழையதாகத் தேடுவது நல்லது. வெட்டு மெதுவாகத்தான் போகும், ஆனால் தரையில் ஓர் அடிகூடக் கேட்காது.

கேட்டவர்:
இரண்டு மாலை ஆனது. கம்பி ரேக்கைச் சுவரோடு உயரத்தில் மாட்டிவிட்டு, லேத்தை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். காலுக்கு இரும்புத் தகடு, அதன் மேல் ஷிம் மொத்தம் 0.5 மி.மீ. ஆனது. இப்போது 120 மி.மீ.க்கு 0.01 தான் வித்தியாசம்! விற்றவர் மேல் சந்தேகப்பட்டது தப்பு. ஷேப்பர் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன்.

பதில்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. இழுத்து வைத்த மெஷின் இன்னும் கொஞ்சம் அமரும். ஒரு மாதம் கழித்து அதே கம்பியை மறுபடி கடைந்து பாருங்கள், தேவைப்பட்டால் ஷிம்மை மாற்றுங்கள். அந்தக் கம்பியை எண்ணெய் தடவித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.