பெட்ரோல் மூடிக்குக் கீழே இரண்டு முறை கிளியர் கோட் அடித்த கதை

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். ஐப்பசி மாதம் வண்டியைத் திருப்பும்போது மதில் முனையில் உரசி, பெட்ரோல் மூடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது. சில்வர் மெட்டாலிக் வண்டி. நாமே செய்து பார்ப்போம் என்று கதவுத் தூணில் இருந்த கலர் நம்பரைக் கொடுத்து ஸ்ப்ரே கேன் கலந்து வாங்கினேன்.

பட்டி, பிரைமர் வரை சிக்கல் இல்லை. சில்வர் அடித்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக நின்றது. பயந்து இன்னொரு கோட் அடித்தேன், அது வீண். நிறம் தரும் பேஸ் கோட் அப்படித்தான் காயும், பளபளப்பு அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில்தான் வரும்.

மழை விட்ட ஒரு காலையில் கிளியர் அடித்தேன். பத்தே நிமிடத்தில் மோர் தெளித்ததுபோல் வெள்ளைப் படலம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்துவிடும். கடலூரில் அடைமழைக் காலத்துக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தை மாத வெயிலில் மெல்லிசாக ஒரு கோட் அடித்ததும் படலம் பெரும்பாலும் கரைந்தது. மீதியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நைஸான உப்புத்தாள்) தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு எடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து பங்க்கில் பெட்ரோல் நாலு சொட்டு வழிந்தது. துணியால் துடைத்தேன். கிளியர் பிசுபிசுவென்று துணியோடு வந்துவிட்டது! நான் வாங்கியிருந்தது 1கே, அதாவது இறுக்கும் மருந்து சேராத ஒற்றைக் கலவை. அது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். 2கே கேனில் அடிப்பக்கக் குமிழை அழுத்தினால் ஹார்டனர் என்ற இறுக்கும் மருந்து உள்ளே கலந்து வேதிவினையில் இறுகும். நன்றாக இறுகிய பிறகு பெட்ரோல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குமிழை அழுத்திவிட்டால் கேனை நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது, உள்ளேயே கட்டியாகிவிடும்.

பழைய 1கே மேல் அப்படியே 2கே அடித்தால் சுருங்கிக்கொள்ளும் என்று பெயிண்ட் கடைக்காரர் எச்சரித்தார். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மறுபடி பிரைமர், சில்வர். சில்வரை மட்டும் உப்புத்தாளால் தொடாதீர்கள், மெட்டாலிக் துகள் கீறி கறுப்புத் திட்டு விழும். அரைமணி ஆறவிட்டு, 2கே கிளியர் லேசாக ஒரு கோட், பத்து நிமிட இடைவெளியில் ஈரமாக இரண்டு கோட். இரண்டு மழைக்காலம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமாவே வரலாம். துணி மாஸ்க் போதாது. ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும். திறந்த கொல்லையில் அடித்தேன். அம்மாவையும் பிள்ளைகளையும் அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்:
அண்ணா, எனக்கு டேப்தான் காலை வாரியது. பம்பரில் பழுதான இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி கிளியர் அடித்தேன். எடுத்ததும் விளிம்பில் வரப்புபோல் கோடு. எவ்வளவு தேய்த்தும் தடம் போகவில்லை. இப்போதெல்லாம் கலரை நடுவில் நிறுத்தி, கிளியரை அந்தப் பாகம் முடியும் இடம் வரை கொண்டுபோகிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து இன்னொரு வாசகர்:
எங்கள் பக்கம் உப்புக் காற்று. தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மெழுகும் எண்ணெயும் போகத் துடையுங்கள். டேஷ்போர்டு பாலிஷ் பட்ட அதே துணியால் நான் துடைத்துவிட்டேன். அதிலிருந்த சிலிகான் ஒட்டி, கிளியர் முழுக்க மீன் கண் மாதிரி குழி குழியாக விழுந்தது. மறுநாள் புதுத்துணி வாங்கித்தான் திரும்ப ஆரம்பித்தேன்.