உபுண்டு அப்கிரேடுக்கு அப்புறம் ஃபோர்ட்ரான் கம்பைல் ஆகல, அவசரம்

உப்பளக்காற்று
உபுண்டுவை அப்கிரேட் பண்ணேன். அதுக்கு முன்னாடி எல்லாம் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. இப்போ கம்பைல் கொடுத்தா ஸ்கிரீன் பூரா எரர். ஃபோன்லேர்ந்து எழுதறேன், அதனால எரரைத் தமிழ்லயே அடிக்கிறேன்:

"ஃபேட்டல் எரர்: கேன்னாட் ரீட் மாட்யூல் ஃபைல் நெட்சிடிஎஃப்.மாட், பிகாஸ் இட் வாஸ் கிரியேட்டட் பை எ டிஃபரன்ட் வெர்ஷன் ஆஃப் ஜிஎன்யு ஃபோர்ட்ரான்"

கம்பைலரை (ஜிஃபோர்ட்ரான்) பர்ஜ் பண்ணிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணியாச்சு. ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. அதேதான் வருது. காலைல கைடுகிட்ட ரிசல்ட் காட்டணும். ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

கீழவீதி
எந்த வெர்ஷன்லேர்ந்து எந்த வெர்ஷனுக்குப் போனீங்க? கம்பைல் பண்றது என்ன, சொந்த கோடா, ஏதாவது மாடலா? நெட்சிடிஎஃப் (டேட்டா ஃபைலைப் படிக்க, எழுத உதவற லைப்ரரி) உபுண்டுவோட ஆப்ட்ல போட்டதா, சோர்ஸ்லேர்ந்து கட்டினதா? "ஜிஃபோர்ட்ரான் --வெர்ஷன்" என்ன சொல்லுது?

தறிகெட்ட பூனை
வேற என்னவா இருக்கும், பாத் பிரச்சினைதான். அனகோண்டா இருக்குமே உங்க மெஷின்ல? அது தன்னோட கம்பைலரைக் கொண்டுவந்து முன்னாடி நிறுத்திடும். "விச் -ஏ ஜிஃபோர்ட்ரான்" கொடுங்க, ரெண்டு வரி வரும் பாருங்க. பாஷ்ஆர்சி ஃபைல்ல கோண்டா வரிகளை கமென்ட் பண்ணிட்டு புது டெர்மினல் திறங்க ப்ரோ. முடிஞ்சுது.

சூடோ சுப்பு
பழைய கம்பைலரையே திரும்பப் போட்டுடலாமே? "ஆப்ட் இன்ஸ்டால் ஜிஃபோர்ட்ரான்-7", அப்புறம் "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்" வச்சு 7-ஐ டீஃபால்ட்டா மாத்துங்க. அப்கிரேட் பண்ணாத மாதிரியே ஓடும்.

பழைய யூனிக்ஸ்
கேள்வி கேட்கறதுக்கு ஒரு முறை இருக்கு. "எல்லாம் நல்லா ஓடிட்டு இருந்துச்சு" என்பது தகவல் இல்லை, புலம்பல். அந்த எரர் வரியிலேயே காரணம் எழுதியிருக்கு. படிச்சுப் பார்த்திருந்தா ஜிஃபோர்ட்ரானைப் பர்ஜ் பண்ணியிருக்க மாட்டீங்க. இந்தத் தலைப்பில் ஏற்கெனவே எத்தனையோ இழைகள் இருக்கு. தேடிப் பார்க்கவும்.

கீழவீதி
யூனிக்ஸ் சார், அந்தப் பழைய இழையில ஒண்ணோட இணைப்பையாவது கொடுத்திருக்கலாம்.

பழைய யூனிக்ஸ்
தேடல் பெட்டி எல்லாருக்கும் பொதுதான்.

உப்பளக்காற்று
சாரி, விவரம்:
18.04-ல இருந்தேன். 20.04 போய், அங்கேர்ந்து 22.04. கம்பைல் பண்றது டபிள்யூஆர்எஃப் 3.9.1, வானிலை மாடல். நெட்சிடிஎஃப் எங்க சீனியர் ஒருத்தர் என் ஹோம் ஃபோல்டர்ல கட்டிக் கொடுத்தது. அவர் இப்போ இங்க இல்ல. ஜிஃபோர்ட்ரான் 11.4.0. "விச் -ஏ" கொடுத்தா /யூஎஸ்ஆர்/பின், /பின் ரெண்டு மட்டும்தான், கோண்டா எதுவும் வரல. ஜிஃபோர்ட்ரான்-7 கேட்டா "அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்"னு சொல்லுது.

அப்புறம், ப்ரோ இல்லை.

தறிகெட்ட பூனை
மன்னிக்கணும் சிஸ்டர். ரெண்டு வரி வருதுன்னு நான் சொன்னேன் இல்லையா? எல்டி_லைப்ரரி_பாத் என்னன்னும் பாருங்க.

கீழவீதி
பூனை, 22.04-ல /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின்னுக்கான லிங்க் மட்டும்தான். ரெண்டும் ஒரே ஃபைல்.

பனங்கூடல்
தங்கச்சி, உதிலை நானும் கனநாள் மினக்கெட்டனான். பொறுமையா வாசியுங்கோ, ஒண்டும் உடையேல்லை.

உங்கட கம்பைலர் சரியாத்தான் கிடக்கு. அது படிக்கேலாமல் நிக்கிறது சீனியர் கட்டித் தந்த பழைய கோப்பை. ஃபோர்ட்ரானிலை ஒரு மாட்யூலைக் கம்பைல் பண்ணினால் ".மாட்" எண்டு ஒரு கோப்பு வரும். அந்த மாட்யூலுக்குள்ளை என்ன சப்ரூட்டீன் இருக்கு, என்ன வகை மாறிலி இருக்கு எண்டு அடுத்த கம்பைலுக்குச் சொல்லுற கோப்பு அது. அதுக்குப் பொதுவான வடிவம் ஒண்டும் இல்லை, ஒவ்வொரு கம்பைலரும் தன்ர பாட்டுக்கு எழுதும். ஜிஃபோர்ட்ரான் 7 எழுதினது 14-ஆம் பதிப்பு. 8-இலை இருந்து அது 15. 18.04-இலை இருந்தது 7, இப்ப உங்களிட்டை இருக்கிறது 11. பர்ஜ் பண்ணித் திருப்பிப் போட்டாலும் அதே 11 தானே வரும்.

நம்பிக்கை இல்லையெண்டால் நீங்களே பாருங்கோ. 4.9-க்குப் பிறகு மாட் கோப்பு ஜிஜிப்பிலை சுருக்கின எழுத்துக் கோப்புத்தான். "இசட்கேட் நெட்சிடிஎஃப்.மாட் | ஹெட் -1" எண்டு அடிச்சால் முதல் வரியிலையே பதிப்பு எண் தெரியும்.

செய்ய வேண்டியது, நெட்சிடிஎஃப்-ஃபோர்ட்ரானைப் புதுக் கம்பைலராலை திருப்பிக் கட்டுறது. 4.2-இலை இருந்து சி நூலகம் வேறை பொதி, ஃபோர்ட்ரான் வேறை பொதி. சிக்கு மாட் கோப்பு எண்டு ஒண்டு இல்லை, அதாலை பழைய சி அப்பிடியே ஓடும். பழைய ஃபோல்டரை அழிச்சுப் போடாதேங்கோ. அதை அப்பிடியே புதுப் பேரிலை பிரதி எடுத்து, அதுக்கு மேலை புது ஃபோர்ட்ரானை நிறுவுங்கோ. சிபிபிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் ரெண்டும் அந்தப் புது ஃபோல்டரைக் காட்டவேணும், --ப்ரிஃபிக்ஸும் அதேதான். பிறகு பாஷ்ஆர்சியிலை நெட்சிடிஎஃப் எண்ட மாறியையும் புது இடத்துக்கு மாத்துங்கோ. கனபேர் கோட்டை விடுற இடம் இதுதான்.

சூடோ சுப்பு
எதுக்கு இவ்வளவு பாடு? "லிப்நெட்சிடிஎஃப்எஃப்-டெவ்" ஆப்ட்லயே இருக்கே. 22.04-க்குன்னே அதே கம்பைலர்ல கட்டினது. ஒரு வரில வேலை முடியும்.

கீழவீதி
டபிள்யூஆர்எஃப்க்கு அது நேரா ஒத்துவராது சுப்பு. அது ஒரே நெட்சிடிஎஃப் ஃபோல்டரைக் கேட்கும், அதுக்குள்ளயே "லிப்"பும் "இன்க்லூட்"டும் இருக்கணும்னு எதிர்பார்க்கும். உபுண்டு லைப்ரரியை /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு உள்ள வைக்குது. அப்புறம் சிம்லிங்க்கா போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

சூடோ சுப்பு
நாலு சிம்லிங்க் போடறது சோர்ஸ்லேர்ந்து கட்டறதை விடக் கஷ்டமா?

பழைய யூனிக்ஸ்
கஷ்டம் இல்லை, அசிங்கம். அடுத்த அப்கிரேடில் அந்தப் பொதி மாறும், இவங்க திரும்ப இங்க வந்து "எல்லாம் ஓடிட்டு இருந்துச்சு"ன்னு எழுதுவாங்க. பனங்கூடல் சொன்ன ஒட்டு வேலையும் எனக்கு ஒப்புதல் இல்லை. பழைய சி, புது ஃபோர்ட்ரான்னு கலந்து வைக்கறது எதிர்காலத் தலைவலி. நெட்சிடிஎஃப்புக்கு அடியில் இருக்கற இசட்லிப், எச்டிஎஃப்5 லைப்ரரிகள், அப்புறம் சி, ஃபோர்ட்ரான் நாலையும் வரிசையா, ஒரே கம்பைலரில், ஒரே ஃபோல்டரில் கட்டணும்.

பனங்கூடல்
ஐயா, நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் பிள்ளைக்குக் காலமை காட்டவேணும். எச்டிஎஃப்5 கட்டி, அதின்ர சோதனையும் ஓடி முடிய விடிஞ்சுபோம்.

பாம்பாட்டி
ஒரு பொதுவான சந்தேகம். 1957-ல ஐபிஎம்காரங்க கொண்டுவந்த மொழியை இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? பைத்தான்ல எழுதினா இந்த மாட் கோப்பு வியாதியே கிடையாது.

கீழவீதி
பைத்தான்ல முழு வானிலை மாடலை ஓட்டினா, நாளைய மழையை அடுத்த வாரம் சொல்லும்.

பாம்பாட்டி
பைத்தானுக்கு நம்பைனு கணக்கு லைப்ரரி இருக்கு, வேகமாத்தான் ஓடும்.

பழைய யூனிக்ஸ்
அந்த நம்பைக்கு அடியில் ஓபன்பிளாஸ்னு இன்னொரு கணக்கு லைப்ரரி இருக்கு. ஓபன்பிளாஸுக்குள் லாபேக் இருக்கு. லாபேக் என்ன மொழி என்று போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறம், மொழி 1957-லயே நின்னுடலை. கடைசித் தரநிலை 2023-ல வந்தது.

பாம்பாட்டி
அடியில் இருக்கட்டும் சார், நான் தொடாம இருந்தா சரி. அதுவும் இல்லாம, பைத்தான்ல அப்கிரேட் பண்ணா இப்படியெல்லாம் உடையாது.

சூடோ சுப்பு
பைத்தான் 3.12-ல டிஸ்ட்யூடில்ஸ்ங்கிற பில்ட் மாட்யூலைத் தூக்கினப்போ நீங்க ஊர்ல இல்லையா?

தென்னைமட்டை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எந்தப் புயலை ஓட்டறீங்க மேடம்? பேரைப் பார்த்தா வேதாரண்யம் பக்கம்னு தோணுது.

உப்பளக்காற்று
கஜா. 2018.

தென்னைமட்டை
நினைச்சேன். நமக்குப் பட்டுக்கோட்டை பக்கம். நவம்பர் 16 விடியக்காலம். விடிஞ்சு பார்த்தா தோப்புல நின்ன மரத்தை எண்ணிடலாம்ங்கிற நிலைமை. கரையைத் தாண்டினதுக்கு அப்புறமும் உள்ள இவ்வளவு தூரம் காத்து குறையாம எப்படி வந்துச்சுன்னு உங்க மாடல் காட்டுதா? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மகன் ஐடியில இங்க வாசிக்கிறேன்.

பழைய யூனிக்ஸ்
இது தொழில்நுட்ப உதவிப் பகுதி.

கீழவீதி
விடுங்க சார், அவர் கேட்டதுதான் இந்த இழையிலயே நல்ல கேள்வி.

உப்பளக்காற்று
பனங்கூடல் அண்ணா, இசட்கேட் போட்டுப் பார்த்தேன், 14-னுதான் வருது. ஃபோல்டரைக் காப்பி எடுத்து ஃபோர்ட்ரானைக் கட்டினேன், மேக் இன்ஸ்டால் வரைக்கும் போச்சு. நெட்சிடிஎஃப் எரர் இப்போ இல்ல. ஆனா டபிள்யூஆர்எஃப்ல வேற வருது:

"எரர்: ரேங்க் மிஸ்மேட்ச் பிட்வீன் ஆக்சுவல் ஆர்கியுமென்ட் அட் (1) அண்ட் ஆக்சுவல் ஆர்கியுமென்ட் அட் (2)", கடைசில ஸ்கேலார் அண்ட் ரேங்க்-1-னு.

இந்தக் கோடை யாருமே தொடலை.

தென்னைமட்டை ஐயா, அதைத்தான் பார்க்கறேன். ஓடினா சொல்றேன்.

தறிகெட்ட பூனை
இப்போ நிச்சயமா பாத் பிரச்சினைதான்.

சூடோ சுப்பு
இதுக்காகத்தான் பழைய கம்பைலரைப் போடச் சொன்னேன்! 7 இல்லேன்னா 9 போடுங்க, 22.04-ல ஜிஃபோர்ட்ரான்-9 கிடைக்கும். அதுல இந்த எரர் வராது.

கீழவீதி
இந்தத் தடவை சுப்பு சொல்றதுல உண்மை இருக்கு. 9 வரைக்கும் இதைக் கண்டுக்காம விட்டாங்க, 10-லேர்ந்துதான் எரர். 9-ம் 11-ம் எழுதற மாட் கோப்பு ஒரே 15-ங்கறதால, இப்போ கட்டின நெட்சிடிஎஃப்பும் வீணாகாது. ஆனா 9-ஐ எடுத்துட்டு வர்றதை விட ஒரு ஃப்ளாக் போடறது சுலபம்: "-எஃப்அலவ்-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச்".

என்ன நடக்குதுன்னா, பழைய கோடுல ஒரே சப்ரூட்டீனை ஒரு இடத்துல தனி எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டிருப்பாங்க, இன்னொரு இடத்துல அர்ரேயைக் கொடுத்திருப்பாங்க. எம்பிஐ (பல புராசஸ் தங்களுக்குள்ள டேட்டா பரிமாற உதவற லைப்ரரி) அழைப்புகள்ல இது சகஜம். மொழியோட விதிப்படி அது எப்பவுமே தப்பு. மெமரி முகவரி மட்டும்தான் போகுதுங்கறதால வேலை நடந்துட்டு இருந்துச்சு. இப்போ கம்பைலர் கறாரா பார்க்குது. அந்த ஃப்ளாக் எரரை வார்னிங்கா இறக்கிடும்.

போட வேண்டிய இடம் "கான்ஃபிகர்.டபிள்யூஆர்எஃப்" ஃபைல், "எஃப்சிபேஸ்ஆப்ட்ஸ்_நோ_ஜி"ன்னு ஆரம்பிக்கிற வரி. அந்த வரிசை முக்கியம்: முதல்ல "கிளீன் -ஏ", அப்புறம் கான்ஃபிகர், அதுக்கும் அப்புறம்தான் இந்த ஃபைலைத் திருத்தணும். திருத்தின பிறகு "கிளீன் -ஏ" கொடுத்தா திருத்தின ஃபைல் போயிடும். பாஸ் (பிஓஇசட், அதாவது பைனரி, ஆக்டல், ஹெக்ஸ்ல எழுதின எண்) மாறிலி பத்தி எரர் வந்தா "-எஃப்அலவ்-இன்வாலிட்-பாஸ்" அதையும் அதே வரில சேர்த்துடுங்க.

பழைய யூனிக்ஸ்
நிரந்தரத் தீர்வு, 4-ஆம் வரிசைக்கு மாறுவது. புதிய டபிள்யூஆர்எஃப், கம்பைலர் 10-ஓ அதுக்கு மேலோ இருந்தா இந்த ஃப்ளாகுகளைத் தானே சேர்த்துக்கும். 3.9.1 வந்தது 2017-ல. ஆய்வு பாதியில் இருக்கும்போது பதிப்பு மாத்தினா பழைய முடிவுகளோட ஒப்பிட முடியாது என்று வாதம் வரும். அது நியாயமான வாதம். அப்படியானால் ஆய்வின் நடுவில் உபுண்டுவையும் மாத்தியிருக்கக் கூடாது.

பனங்கூடல்
ஐயா சொன்னதிலை பின்பாதி பொன். தங்கச்சி, இன்னொண்டு. பழைய டபிள்யூஆர்எஃப்.எக்ஸ்இயை ஓடப் பார்த்தால் "லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.4" இல்லை எண்டு நிக்கும். 7 காலத்து நூலகம் அது, 8-இலை இருந்து எஸ்ஓ.5. எங்கையாவது தேடி எஸ்ஓ.5-ஐ எஸ்ஓ.4 எண்டு லிங்க் போடச் சொல்லி ஆராவது சொன்னால் கேக்காதேங்கோ. ஓடுற மாதிரிக் காட்டிப்போட்டு எண்ணைப் பிழையாத் தந்தாலும் தரும்.

சூடோ சுப்பு
நான் அதைச் சொல்ல வரலை.

பனங்கூடல்
உங்களைச் சொல்லேல்லைத் தம்பி.

பாம்பாட்டி
டிஸ்ட்யூடில்ஸ் விஷயத்துக்கு வர்றேன். 3.10-லயே எச்சரிக்கை கொடுத்துட்டுத்தான் 3.12-ல எடுத்தாங்க. அது உடையறது இல்லை, முன்கூட்டியே சொல்லிட்டு நகர்றது.

சூடோ சுப்பு
நகர்ந்தப்போ என் பில்ட் ஸ்கிரிப்ட் உடைஞ்சுது. எனக்கு அதுதான் கணக்கு.

கீழவீதி
ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை தொடங்கிக்கலாமே.

உப்பளக்காற்று
ரியல்.எக்ஸ்இ, டபிள்யூஆர்எஃப்.எக்ஸ்இ ரெண்டும் வந்துடுச்சு. பாஸ் ஃப்ளாகும் தேவைப்பட்டுச்சு. ரன் போயிட்டு இருக்கு. எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போறேன்.

தறிகெட்ட பூனை
வாழ்த்துகள் சிஸ்டர். நெட்சிடிஎஃப் மாறியைப் புது ஃபோல்டருக்கு மாத்தினீங்கல்ல, அதுவும் ஒரு வகையில பாத் பிரச்சினைதான்.

தென்னைமட்டை
காத்து எவ்வளவு காட்டுச்சுன்னு சொல்லுங்க மேடம். காத்திருக்கேன்.

நள்ளிரவுக்கோடு
ஒரு மாசம் கழிச்சு எழுதறதுக்கு மன்னிக்கவும். எனக்கும் இதே நெட்சிடிஎஃப்.மாட் பிரச்சினை, 24.04. ஆனா "டிஃபரன்ட் வெர்ஷன்"னு வரல. "இஸ் நாட் எ ஜிஎன்யு ஃபோர்ட்ரான் மாட்யூல் ஃபைல்"னு வருது. இசட்கேட் போட்டா ஜிஜிப் ஃபைலே இல்லைங்குது. ஃபோர்ட்ரானைத் திரும்பக் கட்டினா சரியாயிடுமா?

பழைய யூனிக்ஸ்
அது வேற வியாதி. அந்தக் கோப்பை எழுதினது ஜிஃபோர்ட்ரானே இல்லை. லேபில் யாராவது இன்டெல் கம்பைலரில் கட்டி வச்சிருப்பாங்க. ஃபோல்டரில் "என்எஃப்-கான்ஃபிக் --எஃப்சி" கொடுங்க, எந்தக் கம்பைலர்னு அதுவே சொல்லும். திரும்பக் கட்டினா சரியாகும். ஆனா அதே ஃபோல்டரில் கட்டாதீங்க, அதை வச்சு வேற யாராவது ஓட்டிக்கிட்டு இருப்பாங்க.