மீன்கறி வைக்கும் அலுமினியச் சட்டி: முதலில் எதை மாற்றுவது?

கருங்கல்காரி:
எங்கள் வீட்டில் மீன்கறி இன்னும் பழைய அலுமினியச் சட்டியில்தான். தேங்காய் அரைத்துப் புளி ஊற்றி வைத்த சாளைக்கறி ராத்திரி முழுக்க அதிலேயே கிடக்கும், காலையில் மரச்சீனிக்கிழங்கோடு சாப்பிட்டால்தான் மாமிக்கு ருசி. இப்போது இரண்டு வயதுப் பிள்ளையும் அதைத்தான் சாப்பிடுகிறாள். சட்டி உள்ளே வெளுத்துக் குழிவிழுந்திருக்கிறது. அப்புறம் கீறல் விழுந்த நான்ஸ்டிக் தோசைக்கல், ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், அம்மா தந்த பித்தளை உருளி. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றப் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்க?

தக்கலை அக்கா:
சட்டியிலிருந்துதான் மக்கா, இன்றைக்கே. புளியும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், ராத்திரி முழுக்க நின்றால் இன்னும் கூடுதலாக இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2011இல் அலுமினியத்துக்குச் சொன்ன உச்ச அளவு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு அது 20 மில்லிகிராம்தான். அதைவிட எனக்குப் பயம், கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த மலிவுச் சட்டிகள். அதில் காரீயம் கலந்திருக்கலாம். அலுமினியம், பித்தளை, இண்டாலியம் என்கிற அலுமினியக் கலவைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

மண்சட்டி வாங்கு. பளபளவென்று பூச்சு, பெயின்ட் எதுவும் இல்லாததாகப் பார். கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கிவிட்டு மீன் வை. சோப்பு போடாதே, சட்டி உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியச் சட்டி குளிக்க வெந்நீர் போட இருக்கட்டும்.

வடசேரி அண்ணன்:
உருளியை விற்றுவிடாதீர்கள் தங்கச்சி. உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் நல்ல பாத்திரம், பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளிப்பு எதுவும் வைக்கக்கூடாது, செம்பு இறங்கும். பூசக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, சுத்தமான வெள்ளீயம்தானா, காரீயம் கலக்கவில்லையே என்று கேளுங்கள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் விடாதீர்கள், 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும்.

நான்ஸ்டிக் பழசு என்றால் கழித்துவிடலாம். முன்பு அந்தப் பூச்சு செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தைப் பெரிய கம்பெனிகள் 2015க்குள் நிறுத்தின. புதிதானாலும் காலியாக வைத்துச் சூடேற்றினால், 260 டிகிரி தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்கும். நமக்கு இரும்புத் தோசைக்கல் போதும்.

மார்த்தாண்டம் டீச்சர்:
ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான கறியை ஊற்றவே ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் மிதக்கிற கறி, சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ளது உணவுக்கு வரும். ஆறிய பிறகும் எவர்சில்வர் சம்படம்தான் நல்லது. அந்த டப்பாவில் பூண்டு, வெங்காயம் போட்டு வையுங்கள். அப்புறம் டீக்கடையில் ஏத்தன்பழ பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வாங்காதீர்கள், மையும் எண்ணெயோடு வரும். உணவுப் பொட்டலத்துக்குச் செய்தித்தாள் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறையிலேயே இருக்கிறது. வாழையிலையில் கேளுங்கள், நம்ம ஊரில் இலைக்கா பஞ்சம்?

கருங்கல்காரி:
சரி, நாளைக்கே சட்டி வாங்குகிறேன். குடம்புளி போட்டாலும் இதே கதைதானா?

தக்கலை அக்கா:
ஆமா, அதுவும் நல்ல புளிப்புதானே. ஊறுகாயும் அலுமினியத்தில் வேண்டாம், கண்ணாடிக் குப்பியில் போடு.